15 வயதில் உயிராக இருந்த நாவலை 41 வயதில் படிக்க முடியவில்லை என்றால், ரசனை வளர்ந்துவிட்டது என்று பொருளா?

மடித்தபக்கம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல நாட்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேட்கிறேன்.

என் 15ஆவது வயதில், ஒரே ஆண்டுக்குள், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை, ஐந்தாம் பாகம் முடிந்துவிடப் போகிறதே என்ற கவலையில், நாளொன்றுக்கு இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் படிப்பதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். இப்போது எனக்கு 41 வயது. சென்ற மாதம் அதே நாவலை மிகுந்த ஆசையோடு மீண்டும் கையில் எடுத்தேன். முதல் பாகத்தை ஒருவாறு கடந்துவிட்டேன். இரண்டாம் பாகத்தின் நடுவில் நின்றுவிட்டேன். நான்கு நாட்கள் புத்தகம் மேசைமேல் கவிழ்ந்தபடியே கிடந்தது. எடுக்க மனம் வரவில்லை.

என்னை இடறச் செய்தது எது என்று என்னால் சொல்ல முடிகிறது. கடம்பூர் மாளிகையில் நடக்கும் நள்ளிரவுக் கூட்டத்தை நாவலின் நாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கும் இடம் அந்த வயதில் என் மூச்சை நிறுத்தியது. இன்றும் அந்த அத்தியாயம் பிடித்தே இருந்தது. ஆனால் அதன்பின் ஒருவர் மாற்றி ஒருவர் தூணுக்குப் பின்னும் மரத்தின் பின்னும் நின்று இரகசியங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும்போது, கதையை நகர்த்த ஒரே உத்தியைத் திரும்பத் திரும்ப எடுக்கிறாரே என்ற எண்ணம் வந்துவிட்டது. வந்த பிறகு போகவில்லை.

இருபது ஆண்டுகளாகப் புத்தகங்களைப் பகிர்ந்துகொள்ளும் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார். “உங்கள் ரசனை இப்போதுதான் முதிர்ந்திருக்கிறது” என்றார். அருகில் இருந்த அவருடைய அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. “புத்தகம் அப்படியேதான் இருக்கிறது, தம்பி. நீங்கள்தான் வறண்டுபோய்விட்டீர்கள்” என்றார். அதன்பின் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சரித்திர நாவல் இலக்கியமா, தொடர்கதை இலக்கியமா, அதிகம் பேர் படிப்பது நல்லதாக இருக்க முடியுமா என்றெல்லாம் பேசினோம். விடைபெற்று வெளியே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் மூவரில் ஒருவர்கூட நாவலிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தையாவது எடுத்துச் சொல்லிப் பேசவில்லை.

ரசனை வளர்கிறது என்று சொல்ல நமக்கு ஏதேனும் ஆதாரம் உண்டா, அல்லது அது மாறுகிறது என்று மட்டும்தான் சொல்ல முடியுமா? ஒரு புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அதை நேசிக்கிறவர் தம் வீட்டு மனிதரை யாரோ இழிவுபடுத்தியதுபோல் ஏன் புண்படுகிறார்? அந்த அக்காவின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

ஓரக்குறிப்பு எழுதியது:

நண்பரே, உங்கள் நண்பர் சொன்ன முறை கடுமையாக இருந்திருக்கலாம். சொன்ன செய்தியில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ரசனை வளரும். வளராது என்றால், தொடர்ந்து படிப்பதால் நமக்குக் கிடைப்பதுதான் என்ன?

தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் 1757இல் வெளியிட்ட ரசனையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், ‘டான் குவிக்ஸாட்’ நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். மதுவைச் சுவைத்துத் தரம் சொல்வதில் பெயர்பெற்ற இரண்டு உறவினர்களிடம் ஒரு பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒருவர் சுவைத்துப் பார்த்து, நல்ல மதுதான், ஆனால் இலேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார். மற்றவர், நல்லதுதான், ஆனால் சிறிது இரும்பின் சுவை தெரிகிறது என்கிறார். சுற்றியிருந்தவர்கள் இருவரையும் கேலி செய்கிறார்கள். பிறகு பீப்பாயைக் காலி செய்தபோது, அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கிறது.

எனக்கு இந்தக் கதை மிகவும் முக்கியமானது. ரசனை என்பது நம் நாக்கில் மட்டும் இருப்பதன்று, பீப்பாய்க்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று அது சொல்கிறது. நீங்கள் 41 வயதில் கண்டுபிடித்த அந்த ‘மறைந்திருந்து கேட்டல்’ பீப்பாயின் அடியில் கிடந்த சாவி. 15 வயதிலும் அது அங்கேதான் கிடந்தது. அப்போது உங்கள் நாக்குக்கு அது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. இதை வளர்ச்சி என்று சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

பிடித்திருக்கிறது என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் இரு வேறு கூற்றுகள். முதலாவது என்னைப் பற்றியது, இரண்டாவது புத்தகத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் விமர்சனம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். கல்கியின் எழுத்தை இலக்கியமாக ஏற்க மறுத்தவர்களில் முதன்மையானவரான விமர்சகர் க.நா.சு., பரந்த வாசகர் கூட்டத்தின் விருப்பத்துக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் நின்றார். அவர் அப்படி நின்றிராவிட்டால், புதுமைப்பித்தனும் மௌனியும் இன்று எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அக்கா வருந்தியதற்காக நீங்களும் வருந்துவது உங்கள் நல்ல மனத்தைக் காட்டுகிறது. அதற்காக உங்கள் கண் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

பழையகட்டு எழுதியது:

மேலே எழுதியவரின் சாவிக் கதை அழகானது. ஆனால் அந்தச் சாவி பீப்பாய்க்குள் எப்படி விழுந்தது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அதன் முதல் வாசகர்கள் ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டு அடுத்ததைப் புரட்டவில்லை. அடுத்தது அப்போது அவர்கள் கையில் இல்லை. எங்கள் வீட்டில், பாட்டி வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்து அட்டை போட்ட கட்டு ஒன்று இருக்கிறது. நான் நாவலைப் படித்தது அதில்தான். மணியம் வரைந்த சித்திரம் ஒரு பக்கம் இருக்கும். அதன் பின்பக்கத்தில் ஏதோ ஒரு விளம்பரம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். தையல் உள்ளே வாங்கிவிட்டதால், சில பக்கங்களில் வரியின் கடைசி எழுத்தைக் கட்டை விரலால் அகட்டித்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் மேலோரத்திலும் பாட்டி பென்சிலால் தேதி குறித்திருக்கிறார். ஓரிடத்தில், அத்தியாயம் முடியும் வரிக்கு அடியில், “இன்னும் ஏழு நாள்” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். வேறு எங்கும் அவர் எதுவும் எழுதவில்லை.

அந்த இரண்டு கோடுகளைப் பார்த்த பிறகுதான் தொடர்கதை என்ற வடிவம் எனக்குப் புரிந்தது. ஓர் அத்தியாயத்தின் முடிவு அங்கே ஏழு நாள் பாரத்தைத் தாங்க வேண்டும். சென்ற வாரம் யார் எங்கே ஒளிந்திருந்தார் என்பது வாசகருக்கு மங்கியிருக்கும். இந்த வாரம் வேறொருவர் ஒளிந்து நின்றால் அது அவருக்குப் புதிதாகவே இருக்கும். மூன்றரை ஆண்டுகளில் பரப்பி வைத்த உத்தியை இரண்டு வாரத்தில் அடுக்கிப் படித்தால் நெருக்கியடித்துக்கொண்டுதான் தெரியும். இதைச் சொல்வது குறையை மறைப்பதற்காக அன்று. புத்தகமாக அச்சிட்ட பிறகு அது குறைதான், ஏனென்றால் புத்தகத்தை யாரும் வாரம் ஓர் அத்தியாயமாகப் படிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் குறையைக் கண்டது உங்கள் முதிர்ச்சி மட்டும்தானா, அல்லது நீங்கள் படித்த வேகமும் அதில் சேர்ந்ததா? 15 வயதில் ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று நீங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவே உங்களை அறியாமல் நீங்கள் செய்த தொடர்கதை வாசிப்பு.

தொடராக வந்தது என்பதாலேயே ஒன்றைக் கீழே வைக்கும் பழக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் ஒரு ருஷ்ய மாத இதழில் தொடராக வந்தது. அதே இதழில்தான் 1875 முதல் 1877 வரை டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ வந்தது. கடைசிப் பகுதியில் போரைப் பற்றிச் சொல்லப்பட்ட கருத்துகள் பிடிக்காமல் இதழாசிரியர் அதை வெளியிட மறுத்துவிட, டால்ஸ்டாய் அந்தப் பகுதியைத் தனி நூலாகவே கொண்டுவர வேண்டியிருந்தது. தமிழிலும், தீவிர வாசகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் தொடராக வந்ததுதான். எங்கே வந்தது என்பதை வைத்துத் தரம் சொல்வது, உறையைப் பார்த்துக் கடிதத்துக்கு மதிப்புப் போடுவதாகும்.

உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன், விரும்பினால் செய்து பாருங்கள். நின்ற இடத்திலிருந்து, வாரத்துக்கு ஓர் அத்தியாயம் மட்டும் படியுங்கள். இடையில் வேறு எதையும் படிக்கலாம். பத்து வாரம் கழித்து அந்த உத்தி அப்போதும் உறுத்துகிறதா என்று பாருங்கள். நான் அப்படி ஒரு பாகம் முழுவதையும் படித்தேன். எனக்கு உறுத்தல் பாதியாகக் குறைந்தது. முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பாதியில்நின்றவர் எழுதியது:

இந்த உரையாடலை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது என்பதால் சொல்ல விரும்புகிறேன்.

எல்லோரும் மாபெரும் படைப்பு என்று சொல்லும் ஒரு நாவலை (பெயர் வேண்டாம், அதை நேசிக்கும் யாரையும் நான் புண்படுத்த விரும்பவில்லை) நான்கு முறை தொடங்கினேன். நான்கு முறையும் நூறாவது பக்கத்தை ஒட்டி நின்றுவிட்டேன். நண்பர்கள் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் படித்தவன்போலத் தலையசைத்துவிட்டேன். ஒருமுறை ஒருவர், “அந்தக் கடைசி அத்தியாயம் உங்களை என்ன செய்தது?” என்று நேராகக் கேட்டார். “இரண்டு நாள் தூங்க முடியவில்லை” என்றேன். அந்தப் பொய்யால்தான் அன்றிரவு தூங்க முடியவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வெளியிட்ட நூல் ஒன்றில் வாசகருக்குப் பத்து உரிமைகளை வகுத்துத் தருகிறார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, படித்து முடிக்காமல் விடும் உரிமை, மீண்டும் படிக்கும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. பத்தாவதாக, படித்ததைப் பற்றிப் பேசாதிருக்கும் உரிமையையும் வைக்கிறார். அது தெரிந்திருந்தால் நான் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல விரும்புவது சிறிதுதான். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை நீங்கள் ஒளிக்காமல் சொன்னீர்கள். அக்காவும் தமக்கு வலித்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தில் வாக்கியம் எதுவும் எடுத்துப் பேசப்படவில்லை என்று வருந்துகிறீர்கள். பொய் எதுவும் பேசப்படவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூல்நயம் எழுதியது:

ஓரக்குறிப்பு அவர்கள் ஹ்யூமைத் துணைக்கு அழைத்திருக்கிறார். அதே கட்டுரையின் பின்பகுதியையும் அவர் மேற்கோள் காட்டியிருந்தால், கேள்விக்கு இன்னும் நேரான விடை கிடைத்திருக்கும். ஒருவருக்கு 20 வயதில் ரோமானியக் கவிஞர் ஓவிட் பிடித்தமான ஆசிரியராக இருக்கலாம், 40 வயதில் கவிஞர் ஹொரேஸ், 50 வயதில் ஒருவேளை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் என்று ஹ்யூம் அங்கே எழுதுகிறார். ஓவிடிலிருந்து ஹொரேஸுக்குப் போனவர் ‘வளர்ந்துவிட்டார்’ என்று அவர் சொல்லவில்லை. காதல் கவிஞர் இளமைக்கு நெருக்கமானவர், வாழ்வைப் பற்றிச் சிந்திப்பவர் முதுமைக்கு நெருக்கமானவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நண்பரைத் தேர்வதுபோலத்தான், நம் இயல்புக்கு ஒத்துவருவதைக் கொண்டு, விருப்பமான ஆசிரியரைத் தேர்கிறோம் என்பது அவர் கருத்து. அளவுகோல் உண்டு என்று நிறுவ வந்தவரே, வயதாலும் இயல்பாலும் வரும் வேறுபாட்டில் குற்றம் காண இடமில்லை என்று இந்த இடத்தை விலக்கி வைக்கிறார்.

நண்பர் என்ற சொல் வந்ததும் எனக்கு வள்ளுவர் நினைவுக்கு வருகிறார். ஹ்யூம் புத்தகத்துக்கு நண்பரை உவமையாக்கினார். வள்ளுவர் நண்பருக்குப் புத்தகத்தை உவமையாக்கினார். நட்பு அதிகாரத்தில், 783ஆம் குறளில், “நவில்தொறும் நூல்நயம் போலும்” என்று தொடங்கி, பழகப் பழக இனிக்கும் பண்புடையாளர் தொடர்பைச் சொல்கிறார். என் புனைபெயரை அங்கிருந்துதான் எடுத்தேன் என்பதால் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். படிக்கப் படிக்க நயம் தருவது நல்ல நூல் என்பது அதில் அடங்கியிருக்கும் அளவுகோல். மறுவாசிப்பு ஒரு சோதனை என்பதை அது ஏற்கிறது. ஆகவே ஓரக்குறிப்பு அவர்கள் சொல்வதை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் அந்தச் சோதனை ஒருமுறை நடந்து முடிந்துவிடுவதா? 41 வயதில் தோற்ற புத்தகம் 60 வயதில் வெல்லாது என்று யார் சொல்ல முடியும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. டால்ஸ்டாய் ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதி 1906இல் வெளிவந்த கட்டுரையை எண்ணிப் பாருங்கள். ருஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஷேக்ஸ்பியரைப் பலமுறை படித்ததாகவும், ஒவ்வொரு முறையும் சலிப்பும் வெறுப்புமே மிஞ்சியதாகவும் சொல்கிறார். எழுதுமுன், 75 வயதில், தன்னைச் சரிபார்த்துக்கொள்ள அனைத்தையும் மீண்டும் ஒருமுறை படிக்கிறார். அப்போதும் தீர்ப்பு மாறவில்லை. அவரைவிட முதிர்ந்த வாசகர் ஒருவரை நாம் காட்ட முடியாது. அவரைவிட நேர்மையாக மறுவாசிப்புச் செய்தவரையும் காட்டுவது கடினம். ஆனால் ஷேக்ஸ்பியரை யாரும் கைவிடவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1947இல் இதற்கு எழுதிய மறுமொழியில், டால்ஸ்டாய் குறிப்பாக ‘லியர் மன்னன்’ நாடகத்தைத் தேர்ந்து தாக்கியதைக் கவனிக்கச் சொல்கிறார். உடைமைகளைத் துறந்து, துறந்த பின்னும் அமைதி காணாத முதியவரின் கதை அது. டால்ஸ்டாயும் கடைசியில் வீட்டை விட்டு வெளியேறி, 1910இல் ஒரு சிறு ரயில் நிலையத்தில் உயிர்விட்டார். சில புத்தகங்கள் நமக்குப் பிடிக்காமல் போவது அவை நம்மிடமிருந்து தொலைவில் இருப்பதால் அன்று, மிக அருகில் இருப்பதால் என்பதற்கு இதைவிட வலிய சான்று எனக்குத் தெரியாது.

நம்மிடையே ரசனையையே கருவியாகக் கொண்டு வாழ்ந்தவர் ரசிகமணி டி.கே.சி. ஒரு பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேட்பவர் அதன் சுவையைத் தாமே உணரும்படி செய்தவர். கம்பனைப் படிக்கும் ஆர்வத்தை அவரால் பெற்றவர்கள் ஏராளம். ஆனால் தமக்குக் கவிதையாகப் படாத பாடல்களைக் கம்பன் எழுதியவை அல்ல என்று ஒதுக்கவும் சில இடங்களில் சொற்களைத் திருத்தவும் அவர் முற்பட்டபோது, ஏட்டுச் சான்று வேண்டும் என்று அறிஞர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரி என்றே நான் நினைக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை என்பதிலிருந்து இது நல்லதன்று என்பதற்குத் தாவுவது ஒரு படி. இது இருந்திருக்கவே கூடாது என்பதற்குத் தாவுவது அடுத்த படி. உங்கள் நண்பர் முதல் படியில் நிற்கிறார். பலர் இரண்டாவதிலும் ஏறிவிடுகிறார்கள்.

வாக்கியத்தை எடுத்துப் பேசவில்லை என்று நீங்கள் எழுதினீர்களே, இந்த உரையாடலில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். க.நா.சு.வும் இன்னொரு விமர்சகரான சி.சு. செல்லப்பாவும் பிரிந்த இடமும் ஏறத்தாழ இதுவே. நல்ல நூல்களைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினால் போதும், தேர்ந்த வாசகர் படித்துத் தெரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை க.நா.சு.வுடையது. அதனால் ‘பட்டியல் போடுகிறவர்’ என்ற பழிச்சொல்லையும் தாங்கினார். ஏன் நன்றாக இருக்கிறது என்பதை வரிவரியாக எடுத்து அலசிக் காட்ட வேண்டும் என்பது செல்லப்பாவின் பிடிவாதம். அதற்காகவே 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை தாங்கிப் பிடித்தார். இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். க.நா.சு. பட்டியல் மட்டும் போடவில்லை. தாம் நல்லதென்று கருதிய அயல்மொழி நாவல்களை உட்கார்ந்து மொழிபெயர்க்கவும் செய்தார். ஒரு புத்தகம் நல்லது என்று சொல்வதற்கு அவர் கொடுத்த உழைப்பு அது. ஆனால் இரண்டு நண்பர்கள் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது செல்லப்பாவின் வழிதான் பயன்படும். பட்டியலுக்கு எதிர்ப்பட்டியல்தான் வைக்க முடியும். ஒரு பத்தியை நடுவில் வைத்தால் இருவரும் அதைக் குனிந்து பார்த்தாக வேண்டும்.

அக்கா ஏன் புண்பட்டார் என்ற கேள்விக்கும் வருகிறேன். நாம் நேசிக்கும் புத்தகத்தில் நாம் அதைப் படித்த காலமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் படிக்கக் கொடுத்தார், எந்த விடுமுறை, வீட்டில் அப்போது யாரெல்லாம் உயிரோடு இருந்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களுக்குள் இருக்கின்றன. அதைப் படித்துக்கொண்டிருந்த தம்மையே நீங்கள் குறைத்துப் பேசியதாக அவருக்குப் பட்டிருக்கும். பழையகட்டு அவர்களின் பாட்டி போட்ட இரண்டு கோடுகளைப் பற்றிப் படித்தபோது, அந்த நாவலின் மீது எந்த விமர்சனத்தையும் சொல்ல எனக்கே ஒரு கணம் நா எழவில்லை. விமர்சனம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிரில் இருப்பவரிடம் அது முதன்முதலில் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

ஓரக்குறிப்பு எழுதியது:

நூல்நயம் அவர்களுக்கு நன்றி. ஹ்யூம் வயதைப் பற்றிச் சொன்னதை நான் விட்டது தவறுதான். வளர்ச்சி என்ற சொல்லை இன்னும் நான் கைவிடவில்லை. ஆனால் ஒரு திருத்தம் செய்துகொள்கிறேன். முன்பு தெரியாதது இப்போது தெரிகிறது என்றால் அது வளர்ச்சி. முன்பு தெரிந்தது இப்போது தெரியாமல் போயிருந்தால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் நடக்க முடியும் என்பதை நான் எண்ணவில்லை. கேள்வி கேட்டவர் இந்த இரண்டாவதையும் தம்மிடம் சோதித்துப் பார்த்தால் நல்லது.

மடித்தபக்கம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பரின் வீட்டுக்கு மீண்டும் போனேன். செல்லப்பாவின் வழியைப் பின்பற்றுவோம் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆளுக்கொரு பகுதியைத் தேர்ந்து வந்து சத்தமாகப் படிப்பது, படித்து முடிக்கும்வரை யாரும் கருத்துச் சொல்லக்கூடாது என்பது ஏற்பாடு.

முதலில் அக்காவிடம், இந்த நாவல் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. இருபது ஆண்டுகளாக அந்த வீட்டுக்குப் போய்வரும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிறகு அவர் முதல் அத்தியாயத்தைப் படித்தார். கற்பனை ஓடத்தில் ஏறிக்கொள்ள ஆசிரியர் நம்மை அழைக்கும் தொடக்கத்தை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். அதற்குப் பின் வருவது எனக்கு நினைவிலேயே இல்லை. களைத்த குதிரை மெள்ள மெள்ள நடக்கிறது. வந்தியத்தேவன் அதை விரட்டவில்லை. வீரநாராயண ஏரிக்கு 74 கணவாய்கள் (நீர் வெளியேறும் மதகுகள்) உண்டு என்று கேள்விப்பட்டிருந்தவன், கரையோடு போய்க்கொண்டே அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறான். கதை அங்கே எங்கும் போகவில்லை. யாரும் ஒளிந்திருக்கவில்லை. நீர் நிறைந்து கிடக்கிறது, ஓர் இளைஞன் எண்ணிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். 15 வயதில் மூன்று முறையும் இந்த இடத்தை நான் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி முற்றிலும் மறந்திருக்க மாட்டேன். அக்கா படித்து நிறுத்தியபோது, எந்த அவசரமும் இல்லாத அந்தச் சில பத்திகளை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

நண்பர் மனம் மாறவில்லை. அவர் தேர்ந்து வந்திருந்தது இரண்டாம் பாகத்தில் நான் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் இருந்த ஓர் உரையாடல். படித்துக்காட்டி, ஒரே செய்தியை இரண்டு பாத்திரங்கள் எப்படி மூன்று முறை சொல்கிறார்கள் என்று வரி வரியாகச் சுட்டினார். அக்கா மறுக்கவில்லை. “ஆமாம், இந்த இடம் நீளம்தான்” என்றார். பிறகு, “போன வாரம் படித்ததை மறந்தவர்களுக்காகச் சொல்லியிருப்பார்” என்றார். பழையகட்டு அவர்கள் எழுதியதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஓரக்குறிப்பு அவர்கள் கேட்டதற்கும் விடை சொல்ல வேண்டும். இழந்ததும் உண்டு. நள்ளிரவுக் கூட்டத்தைப் படித்தபோது என் உள்ளங்கை வியர்த்தது ஒரு காலம். இம்முறை வியர்க்கவில்லை. ஏரிக்கரையில் அவன் எண்ணிக்கொண்டு போவதை இம்முறை கேட்டேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் தமக்கு மிகப் பிடித்த ஒரு சிறுகதையைக் கொண்டுவருகிறார். அக்கா அதை இதுவரை படித்ததில்லை. நான் இரண்டாம் பாகத்தில் நின்ற பக்கத்தில் அடையாளமாக ஒரு நூலிழையை வைத்திருக்கிறேன். வாரம் ஓர் அத்தியாயம்.